பதில் வருமுன் வைத்த தாம்பூலம்

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பசிக்கும். திண்டிவனம் கல்யாண மண்டபத்து மேனேஜரிடமிருந்து அந்த போன் வந்தபோது நான் விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஓர் உரக்கடை மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் இருந்தது. அவர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அது தோலாகிவிட்டது.

மேனேஜர் எதையும் நேராகச் சொல்கிற மனிதர் இல்லை. முதலில் விழுப்புரத்தில் மழை உண்டா என்று விசாரித்தார். அம்மாவின் முட்டிவலியை விசாரித்தார். பிறகு தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாயிற்றா என்று கேட்டார். அடித்துப் பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆயிற்று என்றேன்.

"ஒண்ணும் பதறாதீங்க தம்பி. ஒரு சின்ன பேஜாரு ஆயிடுச்சி. அந்த முகூர்த்தத்துக்கு மரக்காணம் பக்கத்துக்காரங்களுக்கும் தாம்பூலம் குடுத்துட்டேன். கம்ப்யூட்டர்ல பச்சையா இருந்துச்சு. பச்சைன்னா காலின்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பச்சையையும் சிவப்பையும் காட்டும் பக்கத்தை எழுதியதும் நான்தான். திண்டிவனம் வட்டாரத்திலேயே கம்ப்யூட்டரில் நாள் பார்த்துக் கொடுக்கும் ஒரே மண்டபம் அது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனும் நான்தான். என் நிரல் எத்தனையோ பேர் வீட்டுக் கல்யாணத்தில் விளையாடியிருக்கலாம். தேடிப் பிடித்து என் தங்கை கல்யாணத்தில் விளையாடியது.

எங்கள் அலுவலகம் என்பது இரண்டு பேர். நானும் என் கூட்டாளியும். விழுப்புரம் தனி மாவட்டமான வருடம் டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்த பழக்கம். அவன் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், கரும்பு போடுகிற வீட்டுப் பிள்ளை. வகுப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் அலைந்து, பிறகு சேர்ந்து டி.டி.பி. கடை வைத்தோம். பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்தோம். ஒருமுறை அவன் கல்யாணப் பத்திரிகை ஒன்றில், உயிரோடு இருக்கிற மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டுவிட்டான். அந்தத் தாத்தாவே கடைக்கு வந்து, நான் எப்போது போனேன் என்று கேட்டுவிட்டுப் போனார். இந்தக் கதையை நான் டீக்கடை விடாமல், சலூன் விடாமல், அவன் மாமனார் வீடு விடாமல் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தாத்தாவுக்குப் புது வசனம் ஒன்று சேரும். கூட்டாளியும் கூடச் சிரிப்பான். சிரித்தான் என்றுதான் நினைத்தேன்.

இணையதளம் செய்து தரும் தொழிலுக்கு நாங்கள் தாவியபோது வேலையைப் பிரித்துக்கொண்டோம். சர்வரோடு பேசுகிற ஜாவாஸ்கிரிப்ட் என் பங்கு. நிறம், எழுத்து, கோடு, கோலம் எல்லாம் அவன் பங்கு. அவன் கணினிக் கோப்பை நான் திறப்பதில்லை, என் கோப்பை அவன் திறப்பதில்லை. இரண்டு ஓரகத்திகளுக்கு ஒரே வீட்டில் இரண்டு சமையல்கட்டு இருப்பதுபோல நிம்மதியான ஏற்பாடு.

மண்டபத்துப் பக்கம் வேலை செய்கிற விதம் இதுதான். திரையில் மாதக் காலண்டர் இருக்கும். மேனேஜர் ஒரு தேதியை அமுக்குவார். அந்த நாள் காலியா என்று எங்கோ இருக்கிற சர்வருக்குக் கேள்வி போகும். பதில் வந்ததும் கட்டம் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறும். பதில் வருகிறவரை கட்டம் சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டும், அதாவது இன்னும் தெரியவில்லை, பொறு என்று அர்த்தம். அப்படித்தான் நாங்கள் பேசி முடிவு செய்திருந்தோம்.

இந்தக் கேட்டுப் பதில் வாங்கும் சங்கதியைக் கணினி தெரியாதவர்களுக்கு நான் எப்போதும் பெண் கேட்கும் கதையாகச் சொல்வேன். பெண் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்புகிறோம். அவர் பஸ் பிடித்துப் போய், காபி குடித்து, ஜாதகம் பேசித் திரும்ப நேரமாகும். அதுவரை வீட்டில் யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பதில்லை. மாடு கறக்கிறார்கள், மாவு அரைக்கிறார்கள். ஆனால் அந்த ஆள் கிளம்பும்போதே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறார்கள்: பதில் தெரிந்ததும் நேரே பெரியப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள், மேற்கொண்டு ஆகவேண்டியதை அவர் பார்த்துக்கொள்வார். அந்தப் பெரியப்பாதான் கால்பேக் ஃபங்ஷன். ஜாவாஸ்கிரிப்ட் கேள்வியை அனுப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், பதிலுக்காக நிற்காது. பதில் வந்த பிறகு செய்யவேண்டியதெல்லாம் பெரியப்பா கையில்தான் இருக்கவேண்டும். அவசரப்பட்டு அடுத்த வரியிலேயே பத்திரிகை அடிக்கக் கொடுத்தால் மணமகள் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும்.

ஆகவே போனை வைத்ததும் என் சந்தேகம் முழுக்கப் பெரியப்பாமேல் விழுந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் முதலில் அங்கேதான் கை வைப்பான். கால்பேக் பெயருக்குப் பின்னால் ஒரு அடைப்புக்குறி கூடுதலாக விழுந்துவிட்டால் போதும், பெண் கேட்கப் போகிற ஆள் செருப்பு மாட்டும் முன்பே பெரியப்பா அச்சகத்துக்கு ஓடிவிடுவார். என் நிரலில் அடைப்புக்குறி இல்லை. மேனேஜர் இரண்டு தேதிகளை அடுத்தடுத்து அமுக்கினால் இரண்டாவது கேள்விக்கான பதில் முதலில் வந்து, ஒரு நாளின் பதில் இன்னொரு நாளின் தலையில் விழலாம். அதற்கும் காபந்து செய்திருந்தேன். சர்வர் முழுப் பதிலையும் சொல்லி முடித்ததா, பாதியில் நிறுத்தியதா என்று பார்க்கிற சோதனையும் இருந்தது. எல்லாம் இருந்தது. மண்டபத்தில் மட்டும் சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் பச்சை இருந்தது.

பதற்றத்தில் மனிதன் செய்கிற முட்டாள்தனங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பிறகு மவுஸைத் துடைத்தேன். பிறகு, யாரிடமும் சொல்லாதீர்கள், மானிட்டருக்கு விபூதி வைத்தேன். கடைசியில்தான் புத்தி வந்து நிரலின் நடுவே அலர்ட் போட ஆரம்பித்தேன். அலர்ட் என்பது திரையில் எழும்பும் ஒரு சின்னப் பெட்டி. நிரல் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது, கையில் இருப்பது இது என்று காட்டும். நாம் ஓகே அமுக்குகிறவரை நிரல் அங்கேயே நிற்கும். எங்கள் காலத்தில் பிழை தேட அதைவிட எளிய வழி கிடையாது.

அலர்ட் போட்டேன். என் தங்கையின் கல்யாண நாளை அமுக்கினேன். பெட்டி எழும்பியது. ஓகே அமுக்கினேன். கட்டம் சிவப்பு. அடுத்த நாள் வந்து அமுக்கினேன், சிவப்பு. வேறு வேறு இடத்தில் போட்டேன், எல்லாம் கச்சிதம். நான் பார்க்கும்போது அது யோக்கியன். மேனேஜர் பார்க்கும்போது அயோக்கியன். கட்டிய மனைவிகூட இப்படித் தெளிவாக ஆள் பார்த்து நடக்கமாட்டாள் என்று கூட்டாளியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. டீ வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, கால்பேக்கில்தான் எங்கேயோ கோளாறு இருக்கவேண்டும், பொறுமையாகப் பார் என்றான். நான் பொறுமையாகப் பார்த்தேன். கீழே உரக்கடைக்காரர் மல்லாட்டைத் தோல் குப்பையைப் பார்த்துவிட்டு, மாடியில் எண்ணெய் செக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

தேடுவதெல்லாம் வேலைக்காக மட்டுமாக இருந்தால் இத்தனை மல்லாட்டை தின்றிருக்கமாட்டேன். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. தங்கைக்கு எல்லாவற்றுக்கும் நான்தான் முன்னால் நிற்கவேண்டும். மாப்பிள்ளை வீடு பாண்டி ரோட்டில் கிளியனூர். நாங்கள் விழுப்புரம். இரண்டு வீட்டுக்கும் வசதியாகத் திண்டிவனம் என்று சொல்லி அந்த மண்டபத்தைப் பிடித்தது நான். பிடித்த விதத்தையும் சொல்லவேண்டும். எல்லோரும் செய்வதுபோல் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போய், மண்டபத்தில் வெற்றிலை பாக்குத் தட்டு வாங்கிக்கொண்டு நான் வரவில்லை. விழுப்புரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தபடி, நானே எழுதிய பக்கத்தில், நானே தேதியை அமுக்கி, நானே பதிந்தேன். அம்மா, தாம்பூலம் வாங்காமல் என்னடா பதிவு என்றாள். இனிமேல் இதுதான் தாம்பூலம் என்று திரையைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். மண்டபத்தில், மேனேஜர் பக்கத்தில், அவர் பார்ப்பதை அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று முடிவு. அவர் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். தம்பிக்குத்தான் கஷ்டம், எனக்கும் தூக்கமில்லை என்றார். மேசையில் கம்ப்யூட்டர், அதில் செருகிய நெட் குச்சி, பக்கத்தில் எந்நேரமும் தயாராக ஒரு தாம்பூலத் தட்டு.

கொஞ்ச நேரம் யாருமில்லை. பிறகு ஒரு வேன் வந்து நின்றது. குழந்தை குட்டியோடு ஒரு கூட்டமே இறங்கியது. முன்னால் வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஜோசியர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்தார். பின்னால் ஒரு அம்மா வாட்சைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்.

"பத்தரைக்கு இராகு காலம் ஆரம்பிச்சிடும். ஜல்தி பாத்துச் சொல்லுங்க. அதுக்குள்ள தட்டு மாத்திடணும்."

மேனேஜர் சீட்டைப் பார்த்துத் தேதியை அமுக்கினார். அமுக்கின கையோடு கட்டம் பச்சையானது. அவர் அடுத்த கணமே தட்டைத் தூக்கிவிட்டார். அந்த அம்மா முந்தானையை விரித்துவிட்டார். சாம்பல் நிறம் எங்கே போயிற்று என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தட்டு மேசைக்கும் முந்தானைக்கும் நடுவில் இருந்தபோது, நெட் குச்சி ஒரு வழியாகப் பதிலை வாங்கி வந்து சேர்த்தது. பச்சை சிவப்பானது.

"இருங்க, இருங்க, குடுக்காதீங்க" என்று நான் நாற்காலி விழ எழுந்தேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் எவனோ ஒருவன் வாய் வைத்துவிட்டான் என்று பின்னாலிருந்து சொன்னார்கள். இராகு காலத்துக்கு முன் அவர்களை வேறு மண்டபத்துக்கு அனுப்பி வைப்பதற்குள் மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார், மரக்காணத்துக்காரர்களும் இப்படித்தான் இராகு காலத்துக்குச் சற்று முன்னால் வந்து நின்றார்களாம். தட்டைக் கொடுத்த பிறகு யார் திரையைப் பார்க்கப் போகிறார்கள். சாவகாசமாக வருகிறவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து வாடகை பேசி முடிப்பதற்குள் நிறம் சரியாகிவிடும். இராகு காலம் துரத்துகிறவர்கள் மட்டும்தான் பொய்யான பச்சையில் மாட்டுகிறார்கள். உலகத்தில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் யாருக்கும் இராகு காலத்துக்கு முன் மட்டும் பல் இளிக்கும் பிழை வாய்த்திருக்காது என்று எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அலுவலகத்தில் அது ஏன் பிடிபடவில்லை என்பதும் அங்கேயே விளங்கியது. என் மேசையில் நான் சோதித்துப் பார்த்த நகலுக்கு, கேட்கிறவனும் பதில் சொல்கிறவனும் ஒரே பெட்டிக்குள் இருந்தார்கள். அடுத்த அறையிலேயே பெண் வீடு. பச்சை வந்து போவது கண்ணுக்கே தெரியாது. அலர்ட் போட்டாலோ, நான் பெட்டியைப் படித்து ஓகே அமுக்குவதற்குள் பதில் வந்து, பெரியப்பா வேலையை முடித்துக் கைகழுவியிருப்பார். கால்பேக்மேல் ஒரு குற்றமும் இல்லை. அது வந்த பதிலைச் சரியாகத்தான் சொன்னது. அதற்கு முன்பே யாரோ வாசலில் வாழைமரம் கட்டிவிட்டார்கள்.

யாரோ என்பது எனக்குத் தெரியும். மேனேஜர் மேசையிலேயே கூட்டாளியின் கோப்பைத் திறந்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. வரிக்கு வரி இடம் விடாமல் நெருக்கி எழுதுகிற அவன் கை. பதில் வருகிறவரை இருக்கவேண்டிய நிறம் என்று நாங்கள் பேசிய இடத்தில் பச்சை என்று இருந்தது. மேனேஜரிடம் கேட்டேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். சாம்பல் நிறத்தைப் பார்த்ததும் வருகிறவர்கள் முகம் சுளித்தார்களாம். கல்யாண நாளை அமுக்கினால் சாவு வீட்டுச் சாம்பல் மாதிரி தெரிகிறது, வேறு மண்டபம் பார்க்கலாம் என்று ஒரு குடும்பம் திரும்பியே போய்விட்டதாம். முதலாளி கத்தினாராம். ஆகவே உங்க கூட்டாளியிடம் சொன்னேன், அவர் மாற்றிக் கொடுத்தார், உங்களுக்குத் தெரியும் என்றுதானே நினைத்தேன் என்றார்.

அதுவரைகூட எனக்குக் கோபம் வரவில்லை. சாம்பல் ஆகாது என்று என் அம்மாவே சொல்லியிருப்பாள். எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் பட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, கூட்டேரிப்பட்டு தாண்டியதும்தான் மற்றது உறைத்தது. நான் பிழை தேடிய அத்தனை நாளும் அவன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். டீ வாங்கி வந்தான்.

மாடி ஏறியபோது அவன் ஏதோ பள்ளிக்கூடத்து இணையதளத்துக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தான். சாம்பல் கலரை எப்போது மாற்றினாய் என்று மட்டும் கேட்டேன். அவன் திரும்பவில்லை. தை மாதமே என்றான்.

"அப்ப இத்தினி நாளா நான் கால்பேக்க நோண்டிக்கினு இருந்தேனே, பாத்துக்கினுதானடா இருந்த?"

"மொத நாளே தெரிஞ்சி போச்சிடா. மேனேஜரு பச்சைன்னு சொன்னாருன்னியே, அப்பவே."

"தெரிஞ்சிம் கோளாறு கால்பேக்லன்னு சொன்ன."

"சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். சொன்னா நீ சும்மா வுடுவியா? அந்தத் தாத்தா கதைய பத்து வருஷமா சொல்லிக்கினு திரியிற. எங்க மாமனாரு வூட்டுல இன்னிக்கும் என்ன அமரர்னுதான் கூப்புடுறாங்க. இத வேற சொன்னா, உன் தங்கச்சி கல்யாணத்த கெடுத்தவன்னு சாவுற வரைக்கும் சொல்லிச் சிரிப்ப. நீயே கண்டுபுடிக்காம அதுவா சரியாப் போயிடாதான்னு பாத்தேன்."

"அதுவா எப்பிட்றா சரியாப் போவும்?"

அவன் பூவில் ஒரு இதழைப் பெரிதாக்கினான். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசையில் யாரோ வாங்கி வைத்த மல்லாட்டை இருந்தது. அன்றைக்கு எனக்குப் பசிக்கவில்லை.

பிறகு மண்டபத்து முதலாளியிடம் போய் நின்றோம், அவனும்தான் வந்தான். எங்கள் பதிவுதான் முந்தியது என்பதை நான் கம்ப்யூட்டரில் காட்டினேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் இருக்கட்டும், தாம்பூலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டார். மரக்காணத்துக்காரர்கள் கையில் இருந்தது. கொடுத்த தட்டைத் திருப்பி வாங்கினால் அந்த மண்டபத்தில் பிறகு எவன் வந்து கல்யாணம் செய்வான். அவர்கள் கடலுக்குப் போகிற ஜனம், அந்த ஒரு நாளுக்காகக் குப்பமே தொழிலை நிறுத்திவிட்டு வரப்போகிறது. நீங்களோ தட்டே வாங்காதவர்கள், அதோடு தப்பும் உங்கள் மெஷினுடையது. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். இரண்டு ஊரிலும் தாம்பூலம் வாங்காமல் மண்டபம் பிடித்த முதல் ஆள் என்ற பெருமையோடு நான் படியிறங்கினேன். கூட்டாளி ஏதோ சொல்ல வந்தான். பஸ் வந்துவிட்டது.

தங்கையிடம் சொல்வதற்கு வீட்டுக்குப் போகாமல் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றினேன். போய்ச் சொன்னதும் அம்மா அழுதாள். தங்கை அழவில்லை. பத்திரிகைக் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளையாவது ஒருத்தர்தான? அதயும் ரெண்டு பேருக்குக் குடுத்துடலியே உன் கம்ப்யூட்டரு?"

அவள் என் தங்கைதான், சந்தேகமில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்போலிருக்கிறது. எந்த மண்டபமானால் என்ன என்றாள். "தாலி கட்டும்போது நீ பக்கத்துல நில்லுண்ணா. அது போதும் எனக்கு."

மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். கிளியனூரிலேயே ஒரு சின்ன மண்டபத்தை அவர்கள் பக்கத்து ஆட்களை வைத்துப் பிடித்தார்கள். நாள் மாறவில்லை, முகூர்த்தம் மாறவில்லை, இடம் மட்டும். ஆனால் பத்திரிகை திண்டிவனம் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. போன் உள்ளவர்களுக்கெல்லாம் போன் போட்டோம். கண்டாச்சிபுரம் பக்கத்துச் சொந்தத்தில் பாதிப்பேருக்கு நம்பர் மாறியிருந்தது. அவர்கள் எப்படியும் திண்டிவனம் மண்டபத்தில்தான் வந்து இறங்குவார்கள். அம்மாவை விட்டால் அவர்கள் முகம் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருத்தன்தான். விடிவதற்குள் நான் அங்கே போய் நின்று, வருகிறவர்களை வேனில் ஏற்றிக் கிளியனூருக்கு அனுப்பிவிட்டு, முகூர்த்தத்துக்கு முன் நானும் போய்ச் சேர்ந்துவிடுவது என்று ஏற்பாடு.

கல்யாணத்தன்று காலை பட்டு வேட்டியில், இன்னொருவர் வீட்டு வாழைமரத்தடியில் நின்றேன். மரக்காணத்துக்காரர்கள் என்னை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துச் சந்தனம் கொடுத்தார்கள். வாங்கிப் பூசிக்கொண்டேன். என் பெரியம்மா வகையில் ஒரு தம்பதி என் கண்ணில் படாமல் உள்ளே போய்விட்டார்கள். தேடிப் போனபோது பந்தியில் இரண்டாம் தடவை பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, தங்கச்சிதான் கொஞ்சம் கறுத்துவிட்டாள் என்றார் பெரியப்பா முறைக்காரர். அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வேனில் போட்டேன்.

நேரம் போனது. கண்டாச்சிபுரத்து ஆட்கள் இன்னும் வரவில்லை. முகூர்த்தத்துக்கு நான் போய்ச் சேரவேண்டுமானால் அப்போதே கிளம்பியாகவேண்டும். அந்த நேரம் பார்த்து கூட்டாளி பைக்கில் வந்து இறங்கினான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வேலையைத் தவிர வேறு பேசியதில்லை. பத்திரிகையை நான் கொடுக்கவில்லை, அம்மாதான் கொடுத்து, நான் இங்கே நிற்பதையும் சொல்லியிருக்கிறாள். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, சாவியை என் பக்கம் நீட்டினான்.

"நீ கெளம்பு. கிளியனூருக்கு இப்ப போனா சரியா இருக்கும். அவங்க வந்தா நான் பாத்து அனுப்புறேன். ஒருத்தரயும் உள்ள வுடமாட்டேன்."

சாவி அவன் உள்ளங்கையில் இருந்தது. அவனுக்குக் கண்டாச்சிபுரத்து ஆட்களைத் தெரியாது என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வேட்டியில் திருவண்ணாமலைப் பக்கத்துச் செம்மண் ஒட்டியிருக்கும், கையில் எங்கள் பத்திரிகை இருக்கும், அதைப் பார்த்தாலே தெரியும் என்று அவனும் அதையே யோசித்தவன்போலச் சொன்னான். உண்மைதான். பத்திரிகையைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு கிழவர் தப்பி உள்ளே போய்விட்டால், போனதை இவன் என்னிடம் சொல்வானா என்றுதான் எனக்கு ஓடியது.

"வேணாம்" என்றேன். "நானே நிக்கிறேன்."

அவன் சாவியைச் சட்டைப் பையில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு எனக்குக் கொஞ்சம் தள்ளி, வாழைமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். கிளம்பிப் போகவும் இல்லை. உள்ளே நாதஸ்வரம் ஆரம்பித்தது.

கண்டாச்சிபுரத்து ஆட்கள் வந்தே விட்டார்கள். வண்டி வழியில் நின்றுவிட்டதாம். இறங்கினவர்கள் நேராக மண்டபத்து வாசலைப் பார்த்து நடக்க, நான் ஒரு பக்கத்திலிருந்தும் அவன் ஒரு பக்கத்திலிருந்தும் ஓடினோம். என் சித்தப்பாவின் வலது கையை நானும் இடது கையை அவனும் பிடித்து நிறுத்தினோம். இங்கே இல்லை, கிளியனூர் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். சித்தப்பா பயந்து, என்னடா ஆச்சு, கல்யாணம் நின்றுவிட்டதா என்றார்.

அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. அம்மா. காதில் வைத்தேன். அவள் எதுவும் பேசவில்லை, போனை மேடைப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறாள் என்று புரிந்தது. யாரோ கெட்டிமேளம் என்று கத்தினார்கள். அதே நொடியில் எனக்குப் பின்னால் மண்டபத்துக்குள்ளும் கத்தினார்கள். ஒரே முகூர்த்தம்தானே. இரண்டு தவிலும் சேர்ந்து விழுந்தன. நான் மறு காதை விரலால் அடைத்துக்கொண்டேன். அப்படியும் எந்தச் சத்தம் என் தங்கையுடையது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. நான் காதை அடைத்ததைப் பார்த்த கூட்டாளி வாசல் பக்கம் போய், மண்டபத்தின் பெரிய கதவை இழுத்து மூடப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்தவர்கள் அவனைத் திட்டினார்கள்.